நாலு பேர் உட்கார ஓர் இடம்

கேள்வி: "தாராவி தொண்ணூறு அடி ரோட்டுப் பக்கம் எங்கள் ஊர்க்காரர்களின் நலச் சங்கம் இருக்கிறது. தாத்தா காலத்தில் பதிவு செய்தது. மாலையில் பிள்ளைகளுக்கு டியூஷன், யாராவது இறந்துவிட்டால் உடலை ஊருக்குக் கொண்டுபோக உதவி, அவ்வளவுதான் வேலை. இந்த வருடம் என்னைச் செயலாளர் ஆக்கியிருக்கிறார்கள். உலகம் முழுவதும் குடிமைவெளி சுருங்குகிறது, குடிமைச் சமூகத்தைக் காப்பாற்ற வேண்டும் என்று கல்லூரிக் கருத்தரங்கு ஒன்றில் பேசினார்கள். எங்களைப் போன்ற சின்னச் சங்கத்துக்கும் அதற்கும் ஏதாவது தொடர்பு உண்டா? எங்களால் என்ன செய்ய முடியும்? சிங்கப்பூர்ச் சித்தப்பா ஒருவர் சங்கத்துக்குப் பணம் அனுப்புகிறேன் என்கிறார். வாங்கலாமா?"

தொடர்பு உண்டு. சித்தப்பா விஷயத்துக்குக் கடைசியில் வருகிறேன். அதுவரை பணத்தை வாங்கிவிடாதீர்கள். சங்கத்தின் வங்கிக் கணக்கு எண்ணைக்கூட அனுப்ப வேண்டாம்.

நான் மாட்டுங்காவில் ஓர் ஆடிட்டரிடம் 26 வருடமாக வேலை பார்க்கிறேன். டிரஸ்ட், சங்கம், கோயில் கமிட்டி, பள்ளிக்கூடம் என்று லாபம் பார்க்காதவர்களின் கணக்குகள்தான் என் மேஜைக்கு வரும். டிரஸ்ட்களின் பதிவைப் பார்த்துக்கொள்ளும் வோர்லி சேரிட்டி கமிஷனர் ஆபீஸுக்கு நடந்தே பாதி வயது போய்விட்டது. அதனால் நான் சொல்வதெல்லாம் ரசீதுப் புத்தகமும் மினிட்ஸ் புத்தகமும் தெரிந்த ஒருவர் சொல்வது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

குடிமைவெளி என்ற சொல் புதிது, விஷயம் பழையது. நம் பேச்சில் "நாலு பேர்" என்று ஒன்று உண்டு. நாலு பேருக்குத் தெரியட்டும், நாலு பேர் கேட்டால் என்ன பதில் சொல்வது, கடைசியில் தூக்குவதற்கு நாலு பேர் வேண்டும் என்கிறோம். அந்த நாலு பேர் அரசாங்கமும் இல்லை, நம் வீட்டு ஆட்களும் இல்லை. அவர்கள் கூடி உட்கார ஓர் இடம், பயமில்லாமல் பேச்சு, சேர்ந்து ஒரு பெயர் வைத்துக்கொள்ளும் உரிமை, பொதுக் காசைப் போட்டுவைக்க ஒரு கணக்கு. இந்த நான்கும் இருந்தால் குடிமைவெளி இருக்கிறது. உங்கள் சங்கத்தில் இந்த நான்கும் இருக்கின்றன. டியூஷன் நடக்கும் அந்த அறையே அந்த வெளிதான்.

சட்டத்தில் இதற்கு இடம் பலமாகவே இருக்கிறது. நம் அரசியல் சாசனத்தின் 19-வது பிரிவு பேசவும், ஆயுதம் இல்லாமல் அமைதியாகக் கூடவும், சங்கம் அமைக்கவும் குடிமக்களுக்கு உரிமை தருகிறது. 1948-ல் ஐ.நா. வெளியிட்ட மனித உரிமைப் பிரகடனத்தின் 19, 20-வது பிரிவுகளிலும் இதுவே இருக்கிறது. குடிமை, அரசியல் உரிமைகளுக்கான சர்வதேச உடன்படிக்கையில் இந்தியா 1979-ல் சேர்ந்தது. கூடும் உரிமையையும் சங்க உரிமையையும் கவனிப்பதற்கென்றே 2010-ல் ஐ.நா.வில் தனியாக ஒரு சிறப்பு அறிக்கையாளர் பதவி உருவானது. காகிதத்தில் குறை ஒன்றும் இல்லை.

நடைமுறைக்கு வருவோம். மும்பையில் இருக்கும் நமக்கே தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். மகாராஷ்டிர போலீஸ் சட்டம் 1951, அதன் 37-வது பிரிவு. கூட்டத்தையும் ஊர்வலத்தையும் தடை செய்ய போலீஸ் கமிஷனருக்கு அதில் அதிகாரம் உண்டு. மாநில அரசு அனுமதி இல்லாமல் அந்தத் தடை 15 நாளுக்கு மேல் நீடிக்கக் கூடாது என்று சட்டமே கட்டுப்பாடும் வைத்திருக்கிறது. நடப்பது என்ன? ஐந்து பேரோ அதற்கு மேலோ கூடக் கூடாது என்று உத்தரவு வரும், முடியும், மறுபடி வரும். கல்யாணத்துக்கு விலக்கு, சாவு ஊர்வலத்துக்கு விலக்கு, கம்பெனிக் கூட்டத்துக்கும் ஹவுசிங் சொசைட்டிக் கூட்டத்துக்கும் விலக்கு. அதனால் நாம் யாரும் அதைக் கவனிப்பதில்லை. தண்ணீர் வரவில்லை என்று தெருவில் எட்டுப் பேர் குடத்தோடு நின்றால்தான் அந்த உத்தரவு நினைவுக்கு வரும். எப்போதாவது ஆபத்துக் காலத்தில் எடுக்க வேண்டிய கருவி, சுவரில் மாட்டிய காலண்டர் போல நிரந்தரமாகிவிட்டது. என் கண்ணுக்கு இது சின்ன விஷயமாகத் தெரியவில்லை.

கூடக் கூடாது என்பதை மக்கள் எப்படியெல்லாம் சமாளித்தார்கள் என்பதற்கு அர்ஜென்டினாவிலிருந்து ஒன்று. 1977 ஏப்ரல் 30 அன்று, ராணுவ ஆட்சி பிடித்துக்கொண்டு போன பிள்ளைகளைத் தேடி 14 அம்மாக்கள் பியூனஸ் அயர்ஸ் நகரத்தின் பிளாசா தே மாயோ சதுக்கத்துக்கு வந்தார்கள். கூட்டமாக நிற்கக் கூடாது, நடந்து போங்கள் என்றது போலீஸ். சரி என்று இரண்டிரண்டு பேராகக் கைகோத்துக்கொண்டு சதுக்கத்தின் நடுவில் உள்ள நினைவுத்தூணைச் சுற்றி நடக்க ஆரம்பித்தார்கள். நிற்கவில்லையே, நடக்கத்தானே செய்கிறோம்! பிறகு தலையில் வெள்ளைத் துணி கட்டிக்கொண்டார்கள். வாரா வாரம் வியாழக்கிழமை அந்த நடை இன்றும் நடக்கிறது.

நம் பக்கத்திலேயே நான் பார்த்த ஒரு ராத்திரியும் உண்டு. 2018 மார்ச். அகில இந்திய கிசான் சபா நடத்திய விவசாயிகள் ஊர்வலம் நாசிக்கிலிருந்து கிட்டத்தட்ட 180 கிலோமீட்டர் நடந்து, 11-ம் தேதி ஞாயிற்றுக்கிழமை சயானில் சோமையா மைதானத்துக்கு வந்து சேர்ந்தது. 30,000-க்கும் மேற்பட்டவர்கள், பெரும்பாலானவர்கள் ஆதிவாசிகள். காட்டு நிலத்தில் தலைமுறைகளாக உழுகிறோம், பட்டா இல்லை என்பது அவர்கள் குறை. மறுநாள் திங்கட்கிழமை பத்தாம் வகுப்புப் பரீட்சை. காலையில் ஊர்வலம் போனால் பிள்ளைகள் பரீட்சைக்குப் போக முடியாது என்று, அவ்வளவு தூரம் நடந்து வந்த களைப்போடு, தூங்காமல் நள்ளிரவுக்குப் பிறகே ஆசாத் மைதானத்துக்குக் கிளம்பிவிட்டார்கள். நாங்கள் இருக்கும் சால் என்ற வரிசைக் குடியிருப்பில் இட்லி வியாபாரம் பார்க்கும் அண்ணாச்சி மூன்று மணிக்கு அடுப்பு மூட்டுகிறவர். அன்றைக்கு முதல் ஈடு இட்லியை அப்படியே அலுமினியக் குண்டானில் போட்டு ரோட்டுக்குக் கொண்டு போனார். நானும் தண்ணீர் கேனோடு போனேன். ஓர் அம்மாவுக்கு அறுபது வயதிருக்கும். செருப்பின் வார் அறுந்து, அதைச் சணல் கயிற்றால் காலோடு சேர்த்துக் கட்டியிருந்தார். குதிகால் வெடித்து ரத்தம் காய்ந்திருந்தது. இரண்டு இட்லியை வாங்கிக்கொண்டு, ஒன்றைத் தின்றார், ஒன்றைப் பின்னால் வந்தவரிடம் கொடுத்தார். ஒரு கோஷம் இல்லை. அத்தனை ஆயிரம் பேர் போகும்போது காலடிச் சத்தம் மட்டும்தான். அன்று மாலைக்குள் அவர்களின் பெரும்பாலான கோரிக்கைகளை ஏற்று மாநில அரசு எழுத்தில் உறுதி கொடுத்தது. ஒரு நகரம் தெருவைத் திறந்துவைத்தால் என்ன நடக்கும் என்று அன்று பார்த்தேன். இப்போது மும்பையில் ஆர்ப்பாட்டத்துக்கு ஆசாத் மைதானத்தில் ஒதுக்கிய பகுதிதான் இடம். 2025-ல் அதற்கென விதிகளும் வந்துவிட்டன.

இனி நீங்கள் கேட்ட "சுருங்குவது" எப்படி நடக்கிறது என்று பார்க்கலாம். பலரும் துப்பாக்கி, தடியடி, கைது என்று நினைக்கிறார்கள். அதெல்லாம் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் என் தொழிலில் இருப்பவனுக்கு உறுத்துவது வேறு. இந்த இருபது வருடத்தில் உலகத்தின் பல நாடுகளில் சங்கங்கள் படிவத்தால் மூடப்பட்டிருக்கின்றன.

நிகராகுவாவைப் பாருங்கள். 2024 ஆகஸ்ட் 19 அன்று ஒரே அறிவிப்பில் 1,500 அமைப்புகளின் பதிவை அரசு ரத்து செய்தது. அதில் தேவாலயங்கள், தொண்டு அமைப்புகள், சின்னச் சின்ன மன்றங்கள் எல்லாம் இருந்தன. சொன்ன காரணம், கணக்குத் தாக்கல் செய்யவில்லை. ரஷ்யாவில் 2012-ல் ஒரு சட்டம் வந்தது. வெளிநாட்டுப் பணம் வாங்கி அரசியல் தொடர்பான வேலை செய்யும் அமைப்பு "வெளிநாட்டு முகவர்" என்று பதிந்துகொள்ள வேண்டும், பிறகு வெளியிடும் ஒவ்வொரு தாளிலும் அந்த முத்திரையைப் போட்டுக்கொள்ள வேண்டும். ஸ்டாலின் காலத்தில் கொல்லப்பட்டவர்களின், சிறையில் செத்தவர்களின் பெயர்களைப் பல ஆண்டுகளாகத் தேடித் தொகுத்த மெமோரியல் என்ற அமைப்பை 2021 டிசம்பரில் அந்த நாட்டின் உச்ச நீதிமன்றம் கலைக்க உத்தரவிட்டது. முறையாக முத்திரை போடவில்லை என்பதுதான் வழக்கின் அடிப்படை. அடுத்த வருடமே மெமோரியலுக்கு நோபல் அமைதிப் பரிசில் பங்கு கிடைத்தது. பரிசு வந்தது, அலுவலகம் திரும்ப வரவில்லை.

எத்தியோப்பியாவைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அங்கே கதை திரும்பியது. 2009-ல் அங்கே ஒரு சட்டம் போட்டார்கள். வரும் நிதியில் 10 சதவீதத்துக்கு மேல் வெளிநாட்டிலிருந்து வந்தால் அந்த அமைப்பு மனித உரிமை, ஜனநாயகம், நீதி போன்ற விஷயங்களில் வேலை செய்யக் கூடாது. கிணறு வெட்டலாம், மருந்து கொடுக்கலாம், ஏன் தண்ணீர் வரவில்லை என்று கேட்கக் கூடாது! அந்த நாட்டில் உள்ளூர்ப் பணம் திரட்டுவது சுலபமில்லை. உரிமை பேசிய அமைப்புகள் பல ஒடுங்கிப்போயின, சில பெயரையும் நோக்கத்தையும் மாற்றிக்கொண்டன. பத்து வருடம் கழித்து, 2019-ல், அந்தச் சட்டத்தை எடுத்துவிட்டுப் புதுச் சட்டம் கொண்டுவந்தார்கள். அந்த 10 சதவீத வரம்பு போனது. ஹங்கேரியிலும் 2017-ல் வெளிநாட்டு நிதி வாங்கும் அமைப்புகளுக்கு முத்திரை குத்தும் சட்டம் வந்தது. 2020 ஜூனில் ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம் அது ஒன்றியச் சட்டத்துக்கு முரணானது என்றது, மறு வருடம் சட்டம் விலக்கப்பட்டது. ஒரு சட்டம் வந்துவிட்டால் அதோடு முடிந்தது என்று யாராவது உங்களிடம் சொன்னால் இந்த இரண்டு நாடுகளையும் சொல்லுங்கள்.

ஜோகன்னஸ்பர்க்கைத் தலைமையிடமாகக் கொண்ட சிவிகஸ் என்ற கூட்டமைப்பு ஒவ்வொரு நாட்டையும் ஐந்து படிகளில் வைத்து மதிப்பிடுகிறது. திறந்தது, குறுகியது, தடைபட்டது, ஒடுக்கப்பட்டது, மூடியது. 2019 கடைசியில் அவர்கள் இந்தியாவை நான்காவது படிக்கு இறக்கினார்கள். அரசு இப்படிப்பட்ட மதிப்பீடுகளை ஏற்பதில்லை. நான் எண்ணுக்குள் போகவில்லை, என் மேஜையில் பார்ப்பதைச் சொல்கிறேன்.

வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம், எல்லோரும் எஃப்சிஆர்ஏ என்பார்கள். வெளிநாட்டுப் பணம் வாங்க இதன் கீழ் பதிவோ முன் அனுமதியோ வேண்டும். இதன் முதல் வடிவம் 1976-ல், நெருக்கடி நிலையில் வந்தது. 2010-ல் புதிதாக எழுதினார்கள். 2020 செப்டம்பரில் வந்த திருத்தம்தான் சின்ன அமைப்புகளின் இடுப்பை உடைத்தது. அதற்கு முன்னால் பெரிய அமைப்பு ஒன்று வெளிநாட்டு நிதி வாங்கி, அதே பதிவு வைத்திருக்கும் சின்ன அமைப்புகளுக்குப் பிரித்துக் கொடுக்கலாம். ஆங்கிலத்தில் விண்ணப்பம் எழுதத் தெரியாத, வெளிநாட்டுக்காரர் முகமே பார்க்காத மகளிர் குழுக்கள் அப்படித்தான் ஓடின. திருத்தம் அதை அடியோடு தடை செய்தது. நிர்வாகச் செலவு 50 சதவீதம் வரை போகலாம் என்பது 20 சதவீதமாகக் குறைந்தது. கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் ஒரு வக்கீலோ களப்பணியாளரோ வைத்து வேலை செய்யும் அமைப்புக்குச் சம்பளம்தானே வேலை? பணம் முதலில் வந்து இறங்க வேண்டிய கணக்கு டெல்லி நாடாளுமன்றச் சாலையில் உள்ள ஸ்டேட் வங்கிக் கிளையில்தான் இருக்க வேண்டும் என்றும் ஆனது. 2022 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் இந்தத் திருத்தங்கள் செல்லும் என்றது. இதுவரை ரத்தான பதிவுகள் 20,000-க்கும் மேல்.

பொதுப் பணத்துக்குக் கணக்கு கேட்பது தப்பு என்று நான் ஒருநாளும் சொல்ல மாட்டேன். அடுத்தவன் வியர்வையில் வந்த காசைத் தின்ற டிரஸ்டிகளை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். கணக்கு கேட்பது வேறு, கணக்கைச் சாக்காக வைத்து வாயை அடைப்பது வேறு. 2020 மார்ச்சில் இதே சட்டத்தைப் பற்றி உச்ச நீதிமன்றம் சொன்ன ஒரு தீர்ப்பு எனக்குப் பிடித்தமானது. ஒரு சங்கம் மக்கள் பிரச்சினைக்காகப் போராட்டத்தை ஆதரித்தது என்பதற்காக மட்டும் அதை அரசியல் தன்மை உள்ள அமைப்பு என்று முத்திரை குத்தி நிதியை நிறுத்த முடியாது, கட்சி அரசியலோடு தொடர்பு வேண்டும் என்றது. இது நம் பக்கம் இருக்கும் தீர்ப்பு, மறந்துவிடாதீர்கள். அதேபோல மகாராஷ்டிரச் சட்டமன்றம் 2025 ஜூலையில் நிறைவேற்றிய சிறப்புப் பொதுப் பாதுகாப்பு மசோதாவையும் படித்துவையுங்கள். ஓர் அமைப்பைச் சட்டவிரோதம் என்று அறிவிக்கும் அதிகாரத்தை அது அரசுக்குத் தருகிறது. சட்டத்துக்குக் கீழ்ப்படியாதே என்று பிரசாரம் செய்வதும் அதன் வரையறைக்குள் வருகிறது. அந்த வரையறை மிக அகலம் என்பது என் கருத்து. உப்பு காய்ச்சியவர்கள் செய்தது வேறென்ன?

சரி, பணம். 2025-ல் அமெரிக்க அரசின் உதவி நிறுவனமான யுஎஸ்எய்டை அந்த நாடே கலைத்துவிட்டது. உலகம் முழுவதும் அதை நம்பியிருந்த அமைப்புகள் சில மாதங்களில் தெருவுக்கு வந்தன. இங்கே ஒரு சட்டம், அங்கே ஒரு தேர்தல், இரண்டில் எது மாறினாலும் அடுப்பு அணைந்துவிடும் என்றால் அது நம் அடுப்பு இல்லை. இதில்தான் நம் ஆட்களுக்கு ஒரு பழைய அறிவு இருக்கிறது. தென்மாவட்டத்தில் மகமை என்று ஒன்று உண்டு. கடையில் விற்கும் ஒவ்வொரு மூட்டைக்கும் இவ்வளவு என்று பொதுவில் போடுவார்கள். அந்தக் காசில் பள்ளிக்கூடம் வந்தது, கிணறு வந்தது. காமராஜர் படித்த விருதுநகர்ப் பள்ளிக்கு வீட்டுக்கு வீடு பிடியரிசி போட்டார்கள். உலை வைக்கும்போது ஒரு பிடியைத் தனிக் கலயத்தில் போட்டுவைப்பது. ஒரு பிடி அரிசி குறைந்ததால் எந்த வீடும் பட்டினி கிடக்கவில்லை, ஆனால் பள்ளிக்கூடம் யாருக்கும் கைகட்டி நிற்கவில்லை.

இதே அறிவை இந்த மும்பையில் வைத்து உலகத்துக்குக் கொண்டுபோன ஒரு தமிழர் இருந்தார். ஜோக்கின் அற்புதம். கோலார் தங்க வயலில் பிறந்து, இளம் வயதில் பிழைக்க வந்தவர், தச்சு வேலை தெரியும். மான்கூர்ட் பக்கம் ஜனதா காலனியில் இருந்தார். மாநகராட்சி குப்பை அள்ள வராததால், காலனிப் பிள்ளைகளைத் திரட்டி ஆளுக்குக் கொஞ்சம் குப்பையைச் சுமந்துகொண்டு போய் மாநகராட்சி அலுவலகத்தின் முன்னால் கொட்டவைத்தார். குப்பை அள்ள ஆள் வந்தது! பிறகு பக்கத்தில் இருந்த அணு ஆராய்ச்சி மையத்துக்காக அந்தக் காலனியைக் காலி செய்யச் சொன்னபோது வருடக் கணக்கில் போராடினார்கள். 1976 மே மாதம், நெருக்கடி நிலையில், சுமார் 70,000 பேர் இருந்த காலனியை இடித்து மக்களைச் சீட்டா கேம்ப்புக்குக் கொண்டுபோனார்கள். கவனியுங்கள், எஃப்சிஆர்ஏ வந்ததும் அதே 1976, ஜெயப்பிரகாஷ் நாராயண் முயற்சியில் மக்கள் சிவில் உரிமைக் கழகம் (பியூசிஎல்) தொடங்கியதும் அதே 1976.

வீடு போனது, ஆனால் ஜோக்கின் கட்டிய தேசியக் குடிசைவாசிகள் கூட்டமைப்பு போகவில்லை. எண்பதுகளில் ஸ்பார்க் என்ற தொண்டு அமைப்போடும், பைகுல்லா நடைபாதையில் குடியிருந்த பெண்களின் மகிளா மிலன் குழுவோடும் சேர்ந்தார்கள். அந்தப் பெண்கள் தினம் ஒரு ரூபாய், இரண்டு ரூபாய் என்று சேமித்தார்கள். அதைவிட முக்கியமாகத் தங்களைத் தாங்களே எண்ணினார்கள். எந்த நடைபாதையில் எத்தனை குடும்பம், எத்தனை வருடம், என்ன வேலை என்று வீடு வீடாகக் கணக்கெடுத்துக் கையில் வைத்துக்கொண்டார்கள். அதிகாரி வந்து இங்கே யாரும் இல்லை என்று எழுத முடியாது. இந்த முறை தென்னாப்பிரிக்காவுக்குப் போனது, பிறகு பல நாடுகளுக்குப் போனது. 1996-ல் அவர்கள் எல்லோரும் சேர்ந்து சர்வதேசக் குடிசைவாசிகள் அமைப்பைத் தொடங்கினார்கள், ஜோக்கின் அதற்குத் தலைவராக இருந்தார். 2000-ல் மகசேசே விருது, 2011-ல் பத்மஸ்ரீ. 2018 அக்டோபரில் காலமானார். உலகக் குடிமைச் சமூகத்துக்கும் தாராவிக்கும் என்ன தொடர்பு என்று கேட்டீர்களே, மான்கூர்ட்டில் குப்பை சுமந்த பிள்ளைகள்தான் தொடர்பு.

இனி உங்கள் சங்கம். சில வருடம் முன்னால் சயான் கோலிவாடாவிலிருந்து ஒரு பெரியவர் துருப்பிடித்த டிரங்குப் பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு எங்கள் ஆபீஸுக்கு வந்தார். அவர்கள் சங்கம் 1968-ல் பதிவானது. உள்ளே பூச்சி அரித்த மினிட்ஸ் புத்தகம். முதல் கூட்டத்தின் தீர்மானம், கூட்டம் நடத்தப் பெட்ரோமாக்ஸ் விளக்கு வாங்க 60 ரூபாய். கீழே பதினொரு பேர், அதில் ஆறு கைரேகை. மை இன்னும் ஊதாவாக இருந்தது. அந்தப் புத்தகத்தைத் தொட்டபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது, பொய்யில்லை. பிரச்சினை என்னவென்றால், வங்கி அவர்கள் கணக்கை நிறுத்திவைத்திருந்தது. உள்ளே மூன்று லட்சத்துச் சொச்சம். சேரிட்டி கமிஷனர் பதிவேட்டில், நாங்கள் ஷெட்யூல் ஒன் என்போம், ஏழு டிரஸ்டி பெயர். அதில் ஐந்து பேர் இறந்துவிட்டார்கள். நிர்வாகிகள் மாறினால் 90 நாளுக்குள் சேஞ்ச் ரிப்போர்ட் கொடுக்க வேண்டும் என்பது மகாராஷ்டிரப் பொது அறக்கட்டளைச் சட்டத்தின் 22-வது பிரிவு. கடைசியாகக் கொடுத்தது 1994-ல். அதற்குப் பிறகு தேர்ந்தெடுத்த நிர்வாகிகள் எல்லோரும் சட்டத்தின் கண்ணில் யாரோ எவரோ.

ஒவ்வொரு மாற்றத்துக்கும் தனித்தனி ரிப்போர்ட், வரிசைப்படி, தாமதத்துக்கு மன்னிப்பு மனுவோடு. இறந்தவர் ஒருவரின் சான்றிதழுக்கு நாங்குநேரிப் பக்கம் ஆள் அனுப்ப வேண்டியிருந்தது. முடிவதற்கு இரண்டரை வருடம் ஆனது. அந்தச் சங்கம் 38 பிள்ளைகளுக்குப் பள்ளிக் கட்டணம் கட்டிக்கொண்டிருந்தது. இரண்டு ஜூன் மாதம் கட்ட முடியவில்லை. அதில் எத்தனை பேர் படிப்பை விட்டார்கள் என்று பெரியவர் என்னிடம் சொல்லவே இல்லை, நானும் கேட்கத் துணியவில்லை. அவர்களை எந்த அரசாங்கமும் ஒடுக்கவில்லை. கதவு தானாகச் சாத்திக்கொண்டது. நிகராகுவாவில் கணக்குத் தாக்கல் செய்யவில்லை என்பதைக் காரணமாகச் சொன்னார்கள் என்றேனே, அந்தக் காரணத்தை நம் கையாலேயே எழுதிக் கொடுத்துவிடக் கூடாது.

காகிதம் சரியாக இருந்தால் யாரும் தொட மாட்டார்கள் என்று நான் சொல்லவில்லை. மெமோரியலில் இருந்தவர்களுக்குக் கணக்கு எழுதத் தெரியாதா என்ன? ஆனால் காகிதம் சரியாக இருந்தால் நீதிமன்றத்தில் நிற்கத் தரை இருக்கும், அவகாசம் கிடைக்கும், நாலு பேர் நம் பக்கம் வந்து பேச ஒரு காரணம் இருக்கும்.

ஆகவே வருடம் ஒருமுறை பொதுக்குழு, தேர்தல், அன்றே மினிட்ஸ், அன்றே கையெழுத்து. பிறகு 90 நாளுக்குள் சேஞ்ச் ரிப்போர்ட். ஆடிட் ரிப்போர்ட் வருடா வருடம். மினிட்ஸ் புத்தகத்தைப் போனில் படம் எடுத்து மூன்று பேரிடம் வைத்துவிடுங்கள், மழைக்காலத்தில் தாராவியில் தரைத்தளம் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியாததா? சந்தா மாதம் 20 ரூபாயானாலும் எல்லோரிடமும் வாங்குங்கள், ஒருவர் பத்தாயிரம் கொடுத்தார் என்று மற்றவர்களை விட்டுவிடாதீர்கள். பத்தாயிரம் கொடுத்தவர் கோபித்துக்கொண்டால் சங்கம் படுத்துவிடும், ஐந்நூறு பேர் ஒரே நாளில் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். தெருவிலோ மைதானத்திலோ கூட்டம் என்றால் எழுத்தில் அனுமதி கேட்டு, உங்கள் நகலில் தேதியோடு ரிசீவ்டு சீல் வாங்குங்கள். மறுத்தால் மறுப்பையும் எழுத்தில் கேளுங்கள். வாய்மொழியாகச் சொன்ன "முடியாது"வை எந்த நீதிபதியிடமும் காட்ட முடியாது. தெரிந்துகொள்ள வேண்டியது ஏதாவது இருந்தால் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது, கட்டணம் 10 ரூபாய், 30 நாளுக்குள் பதில் வர வேண்டும். நம் மாநிலத்தில் ஒரு மனுவில் ஒரே விஷயம்தான், 150 வார்த்தைக்குள். நீளமாக எழுதித் திருப்பி வாங்காதீர்கள்.

மற்றவர்களுக்கு நீங்கள் செய்யக்கூடிய பெரிய உதவி உங்கள் அறை. வீட்டு வேலை செய்யும் பெண்கள், துப்புரவுத் தொழிலாளர்கள், தோல் பட்டறைப் பையன்கள் என்று இந்த ஊரில் சங்கம் வைக்க நினைக்கும் பலருக்கு உட்கார இடம் கிடைப்பதில்லை. ஹால்காரர்கள் என்ன கூட்டம் என்று கேட்டதும் பின்வாங்குகிறார்கள். டியூஷன் முடிந்து எட்டரைக்கு மேல் வாரம் ஒரு நாள் அந்த அறையை அவர்களுக்குக் கொடுங்கள். அவர்கள் பேசுவதில் உங்களுக்கு உடன்பாடு இல்லாவிட்டாலும் கொடுங்கள். யார் யாருக்கு எந்த நிபந்தனையில் கொடுக்கலாம் என்று பொதுக்குழுவில் தீர்மானம் போட்டுவிட்டுக் கொடுங்கள், பின்னால் கேள்வி வந்தால் அது உங்களுக்குத் துணை.

இப்போது சித்தப்பா. அவரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: பாஸ்போர்ட் எந்த நாட்டுடையது? இந்திய பாஸ்போர்ட்டில் அங்கே வேலை பார்க்கிறார் என்றால், தன் சொந்தச் சம்பாத்தியத்திலிருந்து வங்கி வழியாக அனுப்பும் பணம் வெளிநாட்டு நன்கொடை ஆகாது. ரசீது போட்டு, பாஸ்போர்ட் நகலையும் வாங்கி வைத்துக்கொண்டு ஏற்றுக்கொள்ளலாம். சிங்கப்பூர்க் குடியுரிமை வாங்கிவிட்டார் என்றால், வெளிநாட்டுக் குடிமக்களான இந்திய வம்சாவளியினருக்குத் தரும் ஓசிஐ அட்டை இருந்தாலும், சட்டத்தின் கண்ணில் அவர் வெளிநாட்டு ஆள். சித்தப்பா என்ற உறவு உங்களுக்குத்தான், சங்கத்துக்கு இல்லை. எஃப்சிஆர்ஏ பதிவோ முன் அனுமதியோ இல்லாமல் அந்தப் பணத்தை வாங்கினால் ஐந்து வருடம் வரை சிறைக்குக்கூட இடம் உண்டு. பதிவு வாங்கலாமே என்பீர்கள். மூன்று வருடம் இயங்கியிருக்க வேண்டும், அந்த மூன்று வருடத்தில் நோக்கத்துக்காக 15 லட்சம் ரூபாயாவது செலவழித்திருக்க வேண்டும். உங்கள் டியூஷனுக்கு அது எட்டாது. மனம் வருத்தப்படாமல் சித்தப்பாவிடம் சொல்லுங்கள். ஊருக்கு வரும்போது பிள்ளைகளுக்கு ஒரு நாள் பாடம் எடுக்கச் சொல்லுங்கள், அதற்கு எந்தப் படிவமும் வேண்டாம்.

அதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. இந்த வாரமே வோர்லிக்குப் போய் உங்கள் சங்கத்தின் ஷெட்யூல் ஒன் நகல் கேட்டு மனுப் போடுங்கள். தாத்தா காலத்தில் பதிவானது என்கிறீர்கள், அதில் இன்னும் தாத்தாவின் பெயர்தான் இருக்கும் என்று எனக்குப் படுகிறது.